வில்லையை நம்பலாமா?

முன்புறம் கார், பின்புறம் சரக்குத் தட்டு: அமெரிக்காவின் செவ்ரலே நிறுவனம் 1959, 60 ஆம் ஆண்டுகளிலும், மீண்டும் 1964 முதல் 1987 வரையிலும் செய்த 'எல் கமினோ' அத்தகைய வண்டி. அதனை இன்று வாங்க விழைவோர் வண்ணப்பூச்சில் மயங்கிவிடலாகாது. தட்டின் மூலைகளிலும் சக்கர வளைவுகளிலும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையெனில், துருவின்மேல் பசை பூசியிருக்கக் கூடும்.

துருவையாவது கண்டுகொள்ளலாம். விலையை உயர்த்தும் 'எஸ்.எஸ். 396' வில்லையை எவரும் ஒட்டிவிடலாமே! 1968 ஆம் ஆண்டு வண்டியாயின், அதன் எண் 138 எனத் தொடங்க வேண்டும். 1969, 70 ஆம் ஆண்டுகளில் எஸ்.எஸ். என்பது விரும்பியோர் கூடுதல் விலை கொடுத்துப் பெற்ற அமைப்பாகிவிட்டமையால், எண்ணைக் கொண்டு மட்டும் அதனை உறுதிசெய்ய இயலாது. தொழிற்சாலைத் தாளைக் கேளுங்கள். விற்பவரே முன்னர் ஒருவரிடம் ஏமாந்தவராயிருக்கலாம். கடிந்து பேச வேண்டா. தாள் இல்லையேல், சாதாரண வண்டிக்குரிய விலையையே கூறுங்கள்.