பாசிர் பெனம்பாங்கிற்கு இன்னொரு பேருந்து: கணக்கு என்ன சொல்கிறது?

'பெனம்பாங்' என்ற மலாய்ச் சொல்லுக்கு, கூலிக்கு ஆள் ஏற்றி ஆற்றைக் கடக்கும் படகு என்று பொருள். 'தம்பாங்' என்றால் கட்டணம். இன்று பேருந்தில் நாம் கொடுப்பதும் தம்பாங்தான். கோல சிலாங்கூர் பட்டணத்துக்கு அக்கரையில் இருக்கும் பாசிர் பெனம்பாங், பொதுப் போக்குவரத்தைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. ஆற்றின் மேல் இப்போது பாலம் இருக்கிறது. ஆனால், சொந்த வண்டி இல்லாதவர் அந்தப் பாலத்தைக் கடக்கப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருப்பவர் யார்? தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு மாதா மாதம் போக வேண்டிய பாட்டி. புறப்பாட நடவடிக்கைக்கு நின்றால் வீடு திரும்ப வண்டி கிடைக்காது என்று பயந்து முன்னதாகவே கிளம்பிவிடும் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை. 16 வயதானதும் பலர் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுத்துவிடுகிறார்கள். நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்படியானால் பேருந்தைக் கூட்டினால் என்ன? பணம் யார் கொடுப்பது என்பதில்தான் விவாதம் தொடங்குகிறது. பேருந்துத் தடத்துக்கு உரிமம் வழங்குவது மத்திய அரசின் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். இலவசப் பேருந்துச் சேவையை 2015இல் தொடங்கியது சிலாங்கூர் மாநில அரசு. நிறுத்தத்தையும் நடைபாதையையும் பார்த்துக்கொள்வது ஊராட்சி மன்றம். அதன் கையில் இருப்பதோ பெரும்பாலும் நாம் கட்டும் மதிப்பீட்டு வரி. எனவே வரவு செலவுக் கணக்குப் போடும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: "ஆள் குறைந்த ஊருக்கு எதற்குப் பேருந்து? கூட்டம் இருக்கும் பட்டணத்துக்கே கொடுக்கலாமே?"

நியாயமான கேள்விதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோல சிலாங்கூர் மாவட்டத்தில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் பேர். பரப்பளவோ கிட்டத்தட்ட 1,200 சதுர கிலோமீட்டர். அதாவது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 235 பேர். கோலாலம்பூரில் அது 8,000க்கும் அதிகம். வயலும் தோட்டமும் நிறைந்த இடத்தில் பேருந்து நிறையாது.

ஆனால், பேருந்து நிறைகிறதா என்பது மட்டும்தான் அளவுகோலா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இதில் வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை.

போய்த் திரும்ப 2 மணி நேரம் ஆகும் ஒரு கிராமத்துத் தடம். அதில் ஓடுவது ஒரே பேருந்து. அப்படியானால் 120 நிமிடத்துக்கு ஒரு முறைதான் அது வரும். ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்கு வருபவர் சராசரியாக அதில் பாதி, அதாவது 60 நிமிடம் காத்திருப்பார். இன்னொரு பேருந்தைச் சேர்த்தால் இடைவெளி 60 நிமிடம், காத்திருப்பு 30 நிமிடம். ஆளுக்கு 30 நிமிடம் மிச்சம்.

அதே 2 மணி நேரத் தடம் பட்டணத்தில் இருக்கிறது. அங்கே 12 பேருந்துகள் ஓடுகின்றன. இடைவெளி 10 நிமிடம், காத்திருப்பு 5 நிமிடம். பதின்மூன்றாவது பேருந்தைச் சேர்த்தால் காத்திருப்பு சுமார் 4.6 நிமிடமாகும். ஆளுக்கு மிச்சம் 23 விநாடி.

பட்டணத்தில் ஆயிரம் பேர் பயணம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், எல்லோருக்கும் சேர்த்து மிச்சமாவது சுமார் 385 நிமிடம். கிராமத்தில் 50 பேர் இருந்தாலே 1,500 நிமிடம் மிச்சம். ஆயிரம் பட்டணத்துப் பயணிகள் பெறும் பலனை எட்ட, கிராமத்தில் 13 பேர் போதும்!

"நேர அட்டவணை தெரிந்தால் வீட்டிலேயே இருந்துவிட்டுப் போகலாமே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் மருத்துவரைப் பார்த்து முடித்த பாட்டிக்கு அடுத்த பேருந்து வரும்வரை போக இடம் ஏது? வீட்டில் காத்தாலும் நிறுத்தத்தில் காத்தாலும் அது நம்முடைய நேரம்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேருந்து அரிதாக வந்தால் ஆள் ஏறமாட்டார். ஆள் ஏறவில்லை என்று பேருந்தைக் குறைப்பார்கள். குறைத்தால் இன்னும் ஆள் குறையும். இது தலைகீழாகவும் சுழலும். பயணிகள் கூடினால் பேருந்துகளைக் கூட்டலாம், அதனால் எல்லோருக்கும் காத்திருப்பு குறையும் என்று அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் மோரிங் 1972இல் விளக்கினார். புதிதாக ஏறும் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கும் நன்மை செய்வதால், பேருந்துக்குப் பொதுப்பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு என்பதே அதன் சாரம்.

அதற்காகக் காலிப் பேருந்துகளை ஓடவிடச் சொல்லவில்லை. ஒரு பெரிய டீசல் பேருந்து 100 கிலோமீட்டருக்குச் சுமார் 35 லிட்டர் எரிக்கும். ஒரு சிறிய கார் சுமார் 7 லிட்டர். தனித்தனிக் காரில் போகும் 5 பேராவது பேருந்தில் ஏறினால்தான் எரிபொருள் கணக்கு சமமாகும். எனவே தோட்டத்து மண் சாலைக்கெல்லாம் பெரிய பேருந்து வேண்டாம். கைப்பேசியில் அழைத்தால் வரும் சிறு வேன் சேவை கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்கெனவே இருக்கிறது. அத்தகைய வேன் தோட்டத்திலிருந்து பெரிய சாலைவரை ஆளைக் கொண்டுவரட்டும். தஞ்சோங் காராங், பாசிர் பெனம்பாங், கோல சிலாங்கூர் என்று போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் பேருந்து அடிக்கடி ஓடட்டும். பணம் குறைவாக இருக்கும்போது பத்துத் தடங்களில் பெயருக்கு ஒரு பேருந்து விடுவதைவிட, இரண்டு தடங்களில் நம்பிப் போகும்படி விடுவதே மேல்.

நம் நாட்டில் ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்கள் இன்று நியமிக்கப்படுகிறார்கள். வாக்கு இல்லாத இடத்தில் சான்றுகளுக்கு வலிமை அதிகம். அதை நீங்களே திரட்டலாம். நண்பர்கள் மூவர் சேர்ந்து, ஒரு வாரம் பள்ளிக்கு அருகிலுள்ள நிறுத்தத்தில் நின்று பாருங்கள். பேருந்து வந்த நேரம், ஏறியவர் எண்ணிக்கை, காத்திருந்த நிமிடம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி கண்டுபிடித்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஆசிரியரிடம் காட்டிவிட்டு, உங்கள் வட்டாரத்து நகராண்மைக் கழக உறுப்பினரிடம் கொடுங்கள்.

"பேருந்து வருவதே இல்லை" என்ற புலம்பலை அவர் பலமுறை கேட்டிருப்பார். "சராசரியாக இத்தனை நிமிடம் காத்திருக்கிறோம்" என்ற கணக்குக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.