போத்தலின் பெயரும் தோட்டத்தின் பெயரும்: 'றம்' வகைப்பாடு பற்றிய ஒரு மறுப்புரை

மது வகைகளைச் சுவைத்து மதிப்பிடுதல் மேலைநாடுகளில் இன்று ஒரு தனித்துறை போலவே வளர்ந்துவிட்டது. திராட்சை மது, விஸ்கி ஆகியவற்றை அடுத்து அத்துறையினர் கைக்கொண்டிருப்பது கரும்பிலிருந்து வடிக்கப்படும் 'றம்'. தனியே பருகத்தக்க றம் எது, கொக்டெயிலுக்கு உரிய றம் எது என்னும் வினாவோடு தொடங்கும் அவர்களது கைந்நூல்கள், விடையாக மூன்று வகைப்பாடுகளை முன்வைப்பது வழக்கம். வெள்ளை, பொன், கறுப்பு என நிறத்தால் ஒன்று. ஆங்கிலமுறை, பிரெஞ்சுமுறை, ஸ்பானியமுறை என நாட்டால் ஒன்று. பருகுவதற்குரியது, கலப்பதற்குரியது எனப் பயனால் மற்றொன்று. இம்மூன்றும் விற்பவனின் வசதியிலிருந்தும், கரிபியன் தீவுகளை ஆண்ட நாடுகளின் ஏடுகளிலிருந்தும் பிறந்தவை. றம் எவ்வாறு ஆக்கப்படுகிறது, யாரால் ஆக்கப்படுகிறது என்ற இரு வினாக்களையும் அவை ஒருசேர மறைக்கின்றன.

நிறத்தைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. வடிகலத்திலிருந்து இறங்கும் எந்த மதுசாரமும் நிறமற்றது. ஓக் மரப்பீப்பாவிற் கிடக்கும் காலத்தில் அது நிறம்பெறும். பின்னர் கரியினூடாக வடிகட்டி அந்நிறத்தை நீக்கவும் முடியும். முதிராத மதுசாரத்திற் கருக்கிய சீனியைச் சேர்த்து இருபதாண்டுத் தோற்றத்தை ஒரே பிற்பகலில் உண்டாக்கவும் முடியும். இதனை வகைப்பாட்டின் முதற்படியாகக் கொள்வது, நெல்லை அதனை நிரப்பிய சாக்கின் நிறங்கொண்டு பிரிப்பதற்கு ஒப்பாகும்.

நாட்டு வகைப்பாடோ இதனினும் ஆழமான தவறு. யமேக்கா, பார்படோஸ், கயானா, திரினிடாட் ஆகிய நான்கும் 'ஆங்கிலமுறை'யில் அடக்கப்படுகின்றன. யமேக்காவின் சில வடிசாலைகளில் நொதித்தல் வாரக்கணக்கில் நீடிக்கும். முந்திய வடிப்பில் எஞ்சிய கழிநீர் மீண்டும் சேர்க்கப்படும். பானை வடிவ வடிகலத்திலிருந்து கனத்த மது இறக்கப்படும். திரினிடாட்டில் இன்று இறங்குவது பெரும்பாலும் தூண் வடிகலத்தின் மெல்லிய மது. இவ்விரண்டுக்கும் பொதுவாயிருப்பது முன்னொருகாற் பறந்த பிரித்தானியக் கொடி ஒன்றே. தூண் வடிகலத்தை 'ஸ்பானிய' மென்மைக்குக் காரணமாகக் காட்டுவோர், அதற்கு 1830இல் காப்புரிமை பெற்ற ஈனியஸ் கொஃபி அயர்லாந்தில் தீர்வை அதிகாரியாக இருந்தவர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

பிரெஞ்சுமுறை என்பது இன்னும் விந்தையானது. கருப்பஞ்சாற்றை நேரடியாக நொதிக்கவைத்து வடிப்பதே அதன் இலக்கணம் என்பர். மார்ட்டினிக் தீவில் அவ்வழக்கம் வேரூன்றியமைக்குப் பிரெஞ்சு ரசனை காரணமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பீட்கிழங்குச் சீனி கரும்புச் சீனியின் விலையை வீழ்த்தியது. சீனி காய்ச்சிக் கட்டுப்படியாகாத நிலையிற் சாற்றையே வடிக்கத் தலைப்பட்டனர். அதே மார்ட்டினிக்கில், சீனி எடுத்தபின் எஞ்சும் கரும்பாகிலிருந்தும் றம் வடிக்கப்படுகின்றது. எல்லாவற்றிலும் பெரிய அவலம் ஹெயிட்டியைச் சார்ந்தது. அடிமைகள் கிளர்ந்தெழுந்து, நெப்போலியனின் படையை முறியடித்து, 1804இல் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த மண் அது. அங்கே நூற்றுக்கணக்கான சிறு வடிசாலைகளிற் கிராமத்தவர் வடிக்கும் 'கிளெரன்', இன்று 'பிரெஞ்சுமுறை' என்ற தலைப்பின்கீழ் அச்சேறுகின்றது. துப்பாக்கியால் துரத்தப்பட்டவன் பட்டியலின் வழியே திரும்பி வந்திருக்கிறான்!

சுவை எங்கிருந்து வருகின்றது என்பதற்கு யமேக்காவின் வரலாறு தக்க சான்று. அந்நாட்டு றம் வகைகள் 'எசுத்தர்' எனும் மணப்பொருளின் அளவால் தரம்பிரிக்கப்படும். நூறு லீற்றர் தூய மதுசாரத்தில் 80 முதல் 150 கிராம் வரை கொண்டது மெல்லிய வகை. 700 முதல் 1600 கிராம் வரை கொண்டது 'கொன்ரினென்ரல்' எனப்படும் கடும் வகை. கனிந்து அழுகிய அன்னாசி என்றும் வார்னிஷ் என்றும் சுவைஞர் வருணிக்கும் மணம் இதற்குரியது. ஐரோப்பியக் கண்டத்தின் பெயர் ஒரு யமேக்கா மதுவுக்கு எவ்வாறு வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனி இறக்குமதி மதுவின்மீது தீர்வையை உயர்த்தியது. பிளென்ஸ்பேர்க் முதலிய துறைமுகங்களின் வணிகர், ஒரு பீப்பாவுக்குத் தீர்வை செலுத்திப் பல பீப்பாக்களுக்கு மணமூட்டத்தக்க செறிந்த றம்மை வேண்டினர். உள்ளூர் மதுசாரத்தில் அது சிறிதளவே கலந்து விற்கப்பட்டது. அத்தகைய கலவையின் மதுசாரத்தில் ஐந்து சதவீதம் றம்மிலிருந்து வந்தாற் போதும் என்பது அங்குள்ள விதி. (தென்னஞ்சாராயத்தில் வேறு மதுசாரத்தைச் சேர்த்துச் சாராயம் என்றே விற்கும் வழக்கத்தை அறிந்த இலங்கையருக்கு இது வியப்பூட்டாது.) ஆகவே, யமேக்காவின் ஆன்மா என இன்று விதந்தோதப்படும் மணம், ஒரு தீர்வைச் சட்டத்துக்கு ஈடுகொடுக்க யமேக்காத் தொழிலாளர் தம் நொதிதொட்டிகளிற் கண்ட விடையாகும். இதனை அறிவதால் அச்சுவை குன்றிவிடாது.

மூன்றாவது வகைப்பாடே கைந்நூல்களுக்கு உயிர்நாடி. நீண்டகாலம் முதிர்ந்தது தனியே பருகத்தக்கது. முதிராதது தேசிப்புளியும் சீனியும் இட்டு மறைக்கத்தக்கது என்பது கோட்பாடு. கொன்யாக்கின் அளவுகோலைக் கரும்பின்மீது வைக்கும் முயற்சி இது. கொக்டெயிலின் வரலாறே இதனை மறுக்கின்றது. 1944இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் விக்ரர் பேர்ஜரன் 'மாய் தாய்' என்ற கலவையை ஆக்கியபோது எடுத்தது பதினேழாண்டு முதிர்ந்த யமேக்கா றம். மறைப்பதற்காக எவரும் பதினேழாண்டுச் சரக்கைத் தேடிச்செல்லார். மறுதலையாக, யமேக்காவின் கிராமத்துக் குடிக்கடைகளிற் பெரிதும் விற்பது 63 சதவீத மதுசாரங்கொண்ட முதிராத வெள்ளை றம். மார்ட்டினிக் மக்கள் முதிராத றம்மிற் சிறுதுண்டு தேசிக்காயும் சிறிது சீனியும் சேர்த்து, தத்தம் கையாலேயே கலந்து மெல்லப் பருகுவர். அதனைத் தனியே பருகுதல் என்பதா, கொக்டெயில் என்பதா? கரும்பை வெட்டியவன் விரும்புவது 'கலப்பதற்கு மட்டும்' ஆகிவிட்டது. அவன் கண்டிராத பீப்பாவில் உறங்கியது 'பருகத்தக்கது' ஆகிவிட்டது.

இம்முத்திரை வேறொரு வஞ்சனைக்கும் இடமளிக்கின்றது. 'பருகத்தக்க' றம் எனப் பெருவிலைக்கு விற்கப்படுவனவற்றுட் சில, முதிர்ச்சியால் மென்மை பெறாமற் சீனியால் மென்மை பெற்றவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதி லீற்றருக்கு 20 கிராம் வரை இனிப்பூட்ட அனுமதிக்கின்றது. 2016இற் பதிவான யமேக்காவின் புவியியற் குறியீடு அதற்கு இடமளிக்கவில்லை. சில போத்தல்களிற் பொறித்த பெரிய எண்ணோ வயதைக் குறிப்பதே அன்று.

மதுவைப் பற்றித் தமிழ்ச் சங்க ஏட்டில் எழுதுவதா எனக் கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கையிலெடுப்போரும் உளர். குடிப்பதா விடுப்பதா என்பது வேறு வினா. கயானாவின் டயமண்ட் வடிசாலையில் மரத்தாலான பழைய வடிகலங்கள் மூன்று பேணப்பட்டுள்ளன. போர்ட் மூறன்ட், வேர்செயில்ஸ், என்மோர் என அவை முன்னர் நின்ற தோட்டங்களின் பெயர்களாலேயே அழைக்கப்படுகின்றன. பிரித்தானியக் கடற்படையினரின் அன்றாட றம் பங்கீடு 1970 யூலை 31இல் நிறுத்தப்படும்வரை, அக்கலவையில் டெமராரா றம் முக்கிய இடம்பெற்றது. போத்தல் சேகரிப்போர் இப்பெயர்களை மந்திரம்போல் உச்சரிப்பர். ஆனால், 1838 தொடக்கம் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டோரின் முதுகில் நின்றவை கயானாவின் கரும்புத் தோட்டங்கள். அவருட் பெரும்பாலோர் கல்கத்தாவிற் கப்பலேறியவர். சென்னையிலிருந்து சென்ற தமிழரும் தெலுங்கரும் சிறுதொகையினர். அவர்தம் மாரியம்மன் வழிபாடு பேர்பிஸ் பகுதியில் இன்றும் நடைபெறுகின்றது. செடி ஜகன் 1918இற் பிறந்தது போர்ட் மூறன்டில். என்மோரில் 1948 யூன் 16ஆம் நாள், கரும்பை வெட்டுவதோடு படகில் ஏற்றவும் வேண்டும் என்ற முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தோர்மீது பொலிசார் சுட்டதில் ஐவர் மாண்டனர். கயானாவில் என்மோர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதுவே. சுவைக் கைந்நூலில் அச்சொல்லுக்கு மரவாசனை என்று பொருள். மலையகத் தோட்டங்களின் பெயர்கள் அயல்நாட்டுத் தேயிலைச் சிமிழ்களில் மின்னுவதைக் கண்ட சமூகத்துக்கு இது அந்நியக் கதையன்று.

சுவைக்கு அரசியல் எதற்கு என்பார்க்குச் சுவைஞரிடையேயே ஒரு பாதி விடை எழுந்துள்ளது. இத்தாலிய வணிகர் லூக்கா கர்கானோவும் பார்படோஸின் வடிப்பாளர் றிச்சட் சீலும் வடிகலத்தையும் வடிசாலையையும் அடிப்படையாகக் கொண்ட வகைப்பாட்டை வலியுறுத்தினர். பானை வடிகலமா, தூண் வடிகலமா, இரண்டும் கலந்ததா, ஒரே வடிசாலையினதா என அது வினவுகின்றது. 'டைக்கிரி' கலக்க விரும்புபவனுக்குங்கூட இதுவே பயன்தரும். மெல்லிய தூண் றம் தேசிப்புளிக்கு வழிவிடும், கனத்த பானை றம் அதனோடு மல்லுக்கு நிற்கும். ஆயினும் அவ்வகைப்பாடு கலத்தோடு நின்றுவிடுகின்றது. கலத்தருகே நின்றவனைப் பற்றி அது கேட்பதில்லை.

கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது. பெருமளவு றம் முதிராத நிலையிலேயே கரிபியனிலிருந்து கப்பலேறி, ஐரோப்பியக் கிடங்குகளில் முதிர்ந்து விலை ஏறுகின்றது. ஏறிய விலை அங்கேயே தங்குகின்றது. யமேக்கா றம் எனும் பெயருக்குரியது யமேக்காவிலேயே முதிரவேண்டும் என்ற திருத்தத்தை அந்நாட்டு அறிவுசார் சொத்து அலுவலகம் 2024இல் ஏற்றது. ஐரோப்பியத் துறைமுகங்களில் முதிர்த்தலும் பழைய மரபே என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். மரபுதான். கரும்புத் தோட்டத்தில் அடிமையை வைத்திருந்ததும் அதே நூற்றாண்டுகளின் மரபுதான்.

திரினிடாட்டின் கரோனி அரசுச் சீனி நிறுவனம் 2003இல் மூடப்பட்டபோது ஏறத்தாழ 9,000 தொழிலாளர் வேலையிழந்தனர். அவருட் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்கள். வடிசாலையில் எஞ்சிக் கிடந்த பீப்பாக்களை 2004இற் கர்கானோ 'கண்டுபிடித்தார்' எனச் சுவைஞர் எழுதுவர். 1498இற் கொலம்பஸ் அத்தீவைக் கண்டுபிடித்தது போலவே. அம்மது இன்று ஏலங்களிற் பெருவிலை பெறுகின்றது. சில பதிப்புகளின் லேபல்களிற் கரோனியின் முன்னாள் ஊழியர் சிலரின் படங்களும் அச்சிடப்பட்டன. அம்முகங்கள் தாங்கிய போத்தல்களையும் 'ஆங்கிலமுறை, பருகத்தக்கது' என்ற தலைப்பின்கீழ் வரிசைப்படுத்தும் கைந்நூல்கள் இன்னும் அச்சாகிக்கொண்டேயிருக்கின்றன.