அம்மாவா, அப்பாவா? கஸ்டடி வழக்கில் குழந்தையின் பேச்சு எங்கே எடுபடுகிறது?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவுக்கு கொச்சியை ஒட்டியுள்ள ஏலூரில் உரத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்கு கோவையில் ஐடி வேலை. சில வருடம் வீட்டிலிருந்தே பார்த்துவந்தார், இப்போது ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மகளுக்கு எட்டு வயது. இருவரும் பிரிவதென்று முடிவாகிவிட்டது. பெரிய சண்டை சச்சரவு எதுவும் இல்லை. வக்கீல் டைப் செய்து கொடுத்த பரஸ்பர சம்மத ஒப்பந்தத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. மகள் அம்மாவிடம் வளர்வாள், மாதம் இரண்டு சனி, ஞாயிறு அப்பாவிடம். கோவையிலிருந்து ஆலுவாவுக்கு ரயிலில் நாலு மணி நேரம்தானே?

அந்தத் தாளில் கையெழுத்துப் போட இரண்டு இடம்தான் இருக்கிறது. அந்த ரயிலில் போய் வரப்போகும் மூன்றாவது ஆளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை.

"குழந்தைக்கு என்ன தெரியும்?" என்று நீங்கள் நினைக்கலாம். கேரளாவில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு நிஜ வழக்கைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வருவோம். சிறுவனின் நலன் கருதி பெயர்களைத் தவிர்க்கிறேன்.

தன் தீர்ப்பைத் தானே திருத்திய உச்ச நீதிமன்றம்

2011-இல் திருமணம், 2012-இல் ஆண் குழந்தை, 2015-இல் பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து. குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை வந்து பார்க்கலாம் என்பது ஏற்பாடு. அப்போது பையனுக்கு மூன்று வயதுகூட இருக்காது. அடுத்த வருடமே தாய் மறுமணம் செய்துகொண்டார். பிறகு அந்தக் குடும்பம் மலேசியா போகத் திட்டமிட்டபோது பிரச்னை வெடித்தது. தந்தை கஸ்டடி கேட்டு நீதிமன்றம் போனார். 2023 அக்டோபரில் கேரள உயர் நீதிமன்றம் அவருக்கு நிரந்தர கஸ்டடி கொடுத்தது. தாயின் மேல்முறையீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சட்டப்படி பார்த்தால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதற்குப் பிறகு பையனின் மனநிலை மோசமானது. வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் மனநலத் துறையில் அவனைக் காட்டினார்கள். கடும் பதற்றம் இருக்கிறது, தாயைப் பிரிந்தால் அது நோயாகவே மாறும் ஆபத்து அதிகம் என்று அறிக்கைகள் வந்தன. தாய் சீராய்வு மனு போட்டார். பொதுவாக சீராய்வு மனு என்பது ஒரு சம்பிரதாயம். பெரும்பாலானவை நீதிபதிகளின் அறையிலேயே தள்ளுபடியாகிவிடும். ஆனால் 2025 ஜூலை 15 அன்று நீதிபதிகள் விக்ரம் நாத், பிரசன்னா பி. வராலே அமர்வு தங்கள் நீதிமன்றத்தின் உத்தரவையே விலக்கி, கஸ்டடியைத் தாயிடம் திருப்பிக் கொடுத்தது. தந்தை வந்து பார்க்கும் உரிமை தொடர்கிறது. தாயின் இரண்டாவது கணவரையும் அவர்களுக்குப் பிறந்த தம்பியையும்தான் அவன் தன் குடும்பமாகப் பார்க்கிறான் என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

இந்த வழக்கில் தந்தையை வில்லனாக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. தன் மகனோடு இருக்க வேண்டும் என்று அவர் கேட்டதில் தவறொன்றும் இல்லை. என் கேள்வி வேறு. வழக்கின் போக்கை மாற்றியது எது? அந்தப் பையன் என்ன சொன்னான் என்பதைவிட, அவன் உடம்பும் மனசும் காட்டிய அறிகுறிகள்தான் மாற்றின. மருத்துவ அறிக்கையாக வந்த பிறகுதான் அவன் நிலைமைக்கு எடை கிடைத்தது. அதற்குள் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இரண்டும் தாண்டிவிட்டன.

சட்டம் என்னதான் சொல்கிறது?

கஸ்டடி தொடர்பாக நம் நாட்டில் அடிக்கடி புரட்டப்படும் ஆறு மத்திய சட்டங்களை எடுத்து, குழந்தையின் விருப்பம் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். இருப்பது மூன்றில்தான். 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புக்குரியோர் சட்டம், 1954-இன் சிறப்புத் திருமணச் சட்டம், 1955-இன் இந்து திருமணச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கான 1869 விவாகரத்துச் சட்டத்தின் கஸ்டடி பிரிவில் அந்தப் பேச்சே இல்லை. பார்சி திருமணச் சட்டத்திலும் இல்லை. 1956-இன் இந்து மைனர் சட்டம், குழந்தையின் நலனே முதன்மை என்று அழுத்தமாகச் சொல்கிறது. ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் குழந்தையிடம் கேள் என்று சொல்லவில்லை. இஸ்லாமியக் குடும்பங்களின் வழக்குகளும் கடைசியில் பெரும்பாலும் 1890 சட்டத்தின் வழியாகத்தான் வருகின்றன.

அப்படியென்றால் எல்லோருக்கும் பொதுவானது அந்த 1890 சட்டம்தான். அதன் 17-ஆவது பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஒரு விசித்திரம் கண்ணில் படும். இரண்டாவது உட்பிரிவு, நீதிமன்றம் கட்டாயம் கவனிக்க வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. குழந்தையின் வயது, பாலினம், மதம், பொறுப்பேற்க வருபவரின் குணம், உறவு நெருக்கம் என்று போகும் அந்தப் பட்டியலில் 'இறந்துபோன பெற்றோரின் விருப்பம்' என்றும் ஒன்று இருக்கிறது. குழந்தையின் விருப்பம் அந்தப் பட்டியலில் இல்லை. தனியாக மூன்றாவது உட்பிரிவில் வருகிறது. விவரமாக யோசித்து விருப்பம் சொல்லும் வயது குழந்தைக்கு இருந்தால், நீதிமன்றம் அதைப் 'பரிசீலிக்கலாம்'.

இறந்தவரின் விருப்பத்தைப் பார்த்தே ஆக வேண்டும். உயிரோடு எதிரே நிற்கும் குழந்தையின் விருப்பத்தைப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், சரி. ஆனால் இன்றைக்கும் குடும்ப நல நீதிமன்றங்களில் வாதம் நடப்பது இதை வைத்துத்தான்.

அந்த "விவரம் தெரிந்த வயது" எது? சட்டத்தில் எண் எதுவும் இல்லை. ஒன்பது வயது ஆனால் போதும், பன்னிரண்டு ஆக வேண்டும் என்று உங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதெல்லாம் நீதிமன்ற வழக்கத்தில் இருந்து வந்த பேச்சு. ஒவ்வொரு நீதிபதியும் அந்தந்தக் குழந்தையைப் பார்த்து முடிவு செய்கிறார். நார்வேயில் ஏழு வயதிலிருந்தே குழந்தைக்குக் கருத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், பன்னிரண்டுக்கு மேல் அந்தக் கருத்துக்கு அதிக எடை தர வேண்டும் என்று சட்டமே எழுதிவைத்திருக்கிறது. இங்கிலாந்தின் 1989 சட்டத்தில், நீதிபதி கவனிக்க வேண்டிய பட்டியலில் முதல் வரியே குழந்தையின் விருப்பமும் உணர்வும்தான். இந்தியாவும் சும்மா இல்லை, ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை 1992-இலேயே ஏற்றது. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும் அது கேட்கப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 12-ஆவது பிரிவு. ஏற்றுக்கொண்டு முப்பது வருடம் தாண்டியும் 'பரிசீலிக்கலாம்' என்ற சொல் அப்படியே இருக்கிறது. 2015-இல் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் கஸ்டடி சட்டங்களை முழுசாகத் திருத்தச் சொன்னது. அது அறிக்கையாகவே இருக்கிறது.

நீதிபதிகள் கேட்பதில்லையா?

கேட்கிறார்கள். 1973-இலேயே, சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து வந்த ரோசி ஜேக்கப் வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2008-இல் கொல்கத்தா வழக்கு ஒன்றில், தாய் இறந்தபின் தாத்தா பாட்டியிடம் வளர்ந்த சிறுவனின் விருப்பத்தைக் கேட்காமலே தந்தையிடம் ஒப்படைக்கச் சொன்ன கீழ் நீதிமன்றங்களை அது கண்டித்தது. நீதிபதியின் அறையில், கோட்டும் கவுனும் இல்லாமல் குழந்தையோடு பேசுவது இப்போது பல இடங்களில் நடக்கிறது.

சிக்கல் அடுத்த கட்டத்தில். குழந்தை சொன்னதை நம்புவதா?

2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் எட்டு வயதுச் சிறுமி, கைக்குழந்தையாக இருந்த காலம் தொட்டு தந்தையிடமே வளர்ந்தவள். ஒருவரிடமே வளர்ந்த குழந்தை அவரைத்தான் விரும்பும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது என்று சொல்லி, நீதிமன்றம் அவளைத் தாயிடம் கொடுத்தது. ஒரு பெற்றோர் மற்றவர் மீது வெறுப்பை ஊட்டும் 'பேரன்ட்டல் ஏலியனேஷன்' என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் பெரிதாகப் பேசப்பட்டது. அதன்பின் கஸ்டடி வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு அது ஒரு ரெடிமேட் ஆயுதம் ஆகிவிட்டது. குழந்தை உங்களிடம் வர மறுக்கிறதா? "சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்" என்று சொன்னால் போதும்.

2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதற்குக் கொஞ்சம் பிரேக் போட்டது. ராணுவ அதிகாரி ஒருவரின் இரண்டு பிள்ளைகள், அப்பாவிடம்தான் இருப்போம் என்று தொடர்ந்து ஒரே மாதிரி சொல்லிவந்தார்கள். குறிப்பான சம்பவங்களைக் காட்டி நிரூபிக்காமல் ஏலியனேஷன் என்று முத்திரை குத்தக் கூடாது என்று சொல்லி, பிள்ளைகளின் சொல்லை ஏற்றது நீதிமன்றம்.

சொல்லிக் கொடுப்பது நடக்கவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடக்கிறது, தாராளமாக நடக்கிறது. ஆனால் அதற்கு மருந்து குழந்தையைக் கேட்காமல் விடுவது இல்லை. ஒரே ஒரு முறை, பத்து நிமிடம், பழக்கமில்லாத அறையில் கேட்டால் ஒப்பித்த பதில்தான் வரும். பயிற்சி பெற்ற கவுன்சிலர் பல நாள் பழகிக் கேட்டால் வேறு வரும். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, உளவியல் நிபுணர்கள், நலப் பணியாளர்களின் உதவியை நீதிமன்றம் பெறலாம் என்று 1984-இலேயே வழி செய்திருக்கிறது. இங்கேயும் அதே 'லாம்'.

கோர்ட் வராண்டா என்ற இடம்

கேட்கிறேன் என்று குழந்தையைக் கோர்ட்டுக்கு இழுத்துக்கொண்டே இருப்பதும் ஒரு தண்டனைதான். குடும்ப நல நீதிமன்ற வராண்டாவுக்கு நீங்கள் போயிருந்தால் தெரியும். ஸ்கூல் யூனிஃபார்மோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் குழந்தை, இந்தப் பக்கம் ஒரு பாட்டி, அந்தப் பக்கம் ஒரு பாட்டி, நடுவில் பேர் கூப்பிடும் சத்தம். கொச்சியில் இருக்கும் கேரள உயர் நீதிமன்றம் 2025-இல் இதைத்தான் எடுத்துப் பேசியது. நீதிபதிகள் தேவன் ராமச்சந்திரன், எம்.பி. சினேகலதா அமர்வு, தேவையிருந்தால் மட்டுமே குழந்தைகளை நீதிமன்றத்துக்கு வரவழைக்க வேண்டும், வந்தால் காக்கவைக்கக் கூடாது, அவர்களின் அந்தரங்கமும் கண்ணியமும் காக்கப்பட வேண்டும் என்றது. குழந்தையை ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கிக்கொள்ளும் இடமாக நீதிமன்ற வளாகத்தை விதிவிலக்கான சூழலில்தான் பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்றம் 2022-இல் வேறு கோணத்தில் வந்தது. குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வரும் முன்னாள் துணையை விருந்தாளி போல நடத்துங்கள் என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னார். ஒரு காபி கொடுங்கள் என்கிற அளவுக்கு நீதிமன்றம் இறங்கி வந்து சொல்ல வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

"யாரிடம் இருக்கிறாய்?" என்பது தப்பான கேள்வி

திரும்ப ஏலூருக்கு வருவோம். அந்த எட்டு வயதுப் பெண்ணிடம் அம்மாவா அப்பாவா என்று கேட்டால் அவள் அழுவாள். அது கேள்வியின் குற்றம். பெரியவர்கள் எடுக்க வேண்டிய முடிவை அவள் தலையில் வைக்கிறோம். சாயங்காலம் யாரோடு விளையாடுவாய்? சனிக்கிழமை உனக்கு என்ன கிளாஸ்? மலையாளம் எழுதப் பழகிவிட்டு இப்போது தமிழ் ஸ்கூலுக்கு மாறினால் கஷ்டமாக இருக்குமா? ரயில் பிடிக்குமா, இல்லை அப்பா கோவைக்கு வருவது பிடிக்குமா? இதற்கெல்லாம் அவளிடம் தெளிவான பதில் இருக்கும். கஸ்டடி ஏற்பாட்டில் முக்கால்வாசி இந்தச் சின்ன விஷயங்கள்தான்.

ஒப்பந்தம் உடைந்து வழக்கு என்று போனால், 1890 சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அவள் வழக்கமாக வசிப்பது ஏலூரிலா கோவையிலா என்பதிலேயே மாதக்கணக்கில் வாதம் ஓடலாம். எட்டு வயதில் தொடங்கும் வழக்கு முடியும்போது அவளுக்குப் பதினொன்று ஆகியிருக்கலாம். எட்டு வயதுக்காரி சொன்னதை வைத்துப் பதினொரு வயதுக்காரிக்கு உத்தரவு வரும்.

நீங்களோ உங்கள் நண்பரோ இந்த நிலையில் இருந்தால், சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள் உண்டு. பரஸ்பர சம்மத மனு போடும் முன், இருவருக்கும் வேண்டாத, வேண்டிய ஆள் இல்லாத ஒரு குழந்தை மனநல ஆலோசகரிடம் குழந்தையைப் பேசவிடுங்கள். கதவுக்கு வெளியே நின்று "என்ன கேட்டாங்க?" என்று விசாரிக்காதீர்கள். வழக்காகிவிட்டால், நீதிபதி தனியறையில் பேசவும் 12-ஆவது பிரிவின்படி நிபுணரை நியமிக்கவும் வக்கீல் மூலம் முதல் சில வாய்தாக்களிலேயே மனு போடலாம். மேல்முறையீடு வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் அந்த ஒப்பந்தத் தாள். கஸ்டடி உத்தரவு எதுவும் கடைசி உத்தரவு கிடையாது, சூழ்நிலை மாறினால் மாற்றலாம் என்பது சட்டத்தில் நிலைத்த விஷயம். 2025 தீர்ப்பிலும் நீதிமன்றம் அதைத்தான் பிடித்துக்கொண்டது. அதற்கு கோர்ட் படி ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அல்லது பள்ளி மாறும்போதெல்லாம், குழந்தையிடம் கேட்டு இந்த அட்டவணையை மாற்றிக்கொள்வோம் என்று ஒரு வரியை இப்போதே வக்கீலிடம் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு ஆக இன்னும் பத்து வருடம் இருக்கிறது. மாதம் இரண்டு வாரக் கடைசி, போக வர நாலு நாலு மணி நேரம் என்றால், அதற்குள் ஏறத்தாழ 1,900 மணி நேரம் அவள் ரயிலில் இருப்பாள்.