ஊருக்குப் பணம் அனுப்பும் முன் ஒரு கேள்வி

டிஸ்கி: நான் படித்தது பி.காம்., வேலை வங்கியில். இது மருத்துவ ஆலோசனை இல்லை, என் கருத்து மட்டுமே.

"மார்புல கட்டி, பயாப்ஸி எடுத்தாச்சு, கேன்சராம்" என்று ஊரிலிருந்து போன் வந்தால் வெளிநாட்டில் இருக்கும் நாம் கேட்பது இரண்டே கேள்விதான். எத்தனையாவது ஸ்டேஜ்? எவ்வளவு பணம் அனுப்பணும்? "மார்க்கர் டெஸ்ட் பண்ணியாச்சா?" என்று மூன்றாவதாக ஒன்றும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

சித்தூரில் என் பெரியம்மாவுக்கு ஒரு லேபில் கொடுத்த ரிப்போர்ட்டில் இருந்தது ஒரே வரி: கார்சினோமா. அதை வைத்துக்கொண்டு எந்த மருந்து என்று முடிவு செய்ய முடியாது.

எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான். நார்மலான பால் குழாயில் இரண்டு அடுக்கு செல்கள் உண்டு. வெளி அடுக்கு ஒரு வேலி மாதிரி. பி63 போன்ற மார்க்கர்கள் அந்த வேலிச் செல்களை நிறமேற்றிக் காட்டும். வேலி சுற்றிலும் இருந்தால் கோளாறு குழாய்க்குள் அடங்கியிருக்கிறது. ஊடுருவிய புற்றில் பொதுவாக வேலியே இருக்காது. சாதாரண சாயத்தில் சந்தேகம் வந்தால் இதைப் பார்ப்பார்கள்.

ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 கதை வேறு. ஈ.ஆர். நார்மல் செல்லிலும் உண்டு, எனவே அது புற்றா இல்லையா என்று சொல்லாது. புற்று என்று உறுதியான பின் எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும். 1 சதவீத செல்களில் இருந்தாலே ஈ.ஆர். பாசிட்டிவ், டமாக்ஸிஃபென் போன்ற மலிவான மாத்திரைக்கு வழி உண்டு. ஹெர்-2 மூன்று பிளஸ் என்றால் டிராஸ்டுசுமாப். இரண்டு பிளஸ் என்றால் இரண்டுங்கெட்டான். ஃபிஷ் என்ற அடுத்த டெஸ்ட் வேண்டும். வங்கியில் கையெழுத்தை மட்டும் பார்த்து லோன் கொடுப்பதில்லையே, அதுபோல ஒரு மார்க்கரை மட்டும் வைத்து யாரும் தீர்ப்பு எழுதுவதில்லை.

"டாக்டர் பார்த்துப்பார், நாம எதுக்குக் கேட்கணும்?" என்பார்கள். டாக்டர் பார்ப்பார்தான். ஆனால் எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட்டு, 6 முதல் 72 மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இங்கே கோட்டை விட்டால் எவ்வளவு பெரிய லேபாக இருந்தாலும் ரிசல்ட் தப்பாகலாம். எனவே பயாப்ஸிக்கு முன்பே கேட்பது நல்லது.

இன்னொன்று, அந்த மெழுகு பிளாக். அது நோயாளியின் சொத்து மாதிரி, பத்திரம். சித்தூரிலிருந்து வேலூர் சி.எம்.சி. பக்கம்தான். திருப்பதியில் ஸ்விம்ஸ் இருக்கிறது, டாடா டிரஸ்ட் உதவியோடு 2022-ல் திறந்த புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. மார்க்கர் டெஸ்டுக்காக வயதானவர்களை பஸ் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம். பிளாக்கை யாராவது கையில் எடுத்துக்கொண்டு போனால் போதும்.

பணம் நாளைக்கும் அனுப்பலாம். இந்தக் கேள்வியை இன்றைக்கே கேளுங்கள்.