எட்டப்பருக்கும் எள்ளும் நீரும் உண்டா?

மகாளய அமாவாசையன்று பாரிவாக்கம் ஏரிக்கரையில் தர்ப்பணம் முடித்துத் திரும்புகையில், எண்பதை நெருங்கும் அன்பர் ஒருவர் நம்முடன் நடந்து வந்தார். மகன் வீட்டோடு இருப்பதற்காகத் தென்பாண்டிச் சீமையிலிருந்து இங்கு வந்தவர்.

"சுவாமி, முன்னோரில் ஒருவர் பெரும்பழிக்கு ஆளானவராயின், அவருக்கும் இந்த எள்ளும் நீரும் சேருமா?"

யார் அவர் என்று வினவினோம். "எட்டயபுரம்" என்றார், குரலைத் தாழ்த்தி. தாய்வழியில் அரண்மனைக் கிளையாம்.

1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படம் வெளிவந்தபோது அவர் பள்ளிச் சிறுவர். அன்று உடன்பயின்றோர் வைத்த பெயர் இன்றும் உறுத்துகிறது. இப்போது பேரனைப் பள்ளியில் வம்ச விருட்சம் வரைந்துவரச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தா அந்தக் கிளையை மட்டும் சொல்லவில்லை.

எட்டப்பன் என்பது தனியொருவர் பெயரன்று. எட்டயபுரப் பாளையக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தரித்த பட்டம். அவர்கள் கும்பினியார் பக்கம் நின்றதும், பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் அதன் நிலத்தில் பங்கு பெற்றதும் உண்மை. அதை மறைப்பது தகாது. ஆயினும் அவ்விரு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு நெடுநாளையது. ஒருவர் மற்றவருக்கு நண்பராயிருந்து வஞ்சித்தார் என்பதற்கில்லை. கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைத் தொண்டைமான் சீமையில். தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில். பழிச்சொல் மட்டும் எட்டயபுரத்தின் மேல் தங்கிவிட்டது.

அதே அரண்மனையின் ஆதரவில்தான் முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களைக் கழித்து, 1835 தீபாவளியன்று அம்பாளின் திருவடி சேர்ந்தார். அவர் சமாதி இன்றும் அவ்வூரில் உள்ளது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904-இல் அச்சேறியதும் அங்கேதான். இன்னொன்று பலர் அறியாதது. அந்த வம்ச வரலாறான 'வம்சமணி தீபிகை'யைத் திருத்தி எழுதித் தருவதாக 1919-இல் அரண்மனைக்குக் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? சாட்சாத் மகாகவி பாரதியார்!

சாத்திரம் என்ன சொல்கிறது? தந்தைவழி மூவர், தாய்வழி மூவர் எனப் பெயர் சொல்லி நீர் விடுகிறோம். அதற்கு மேற்பட்டோரை அறிந்தவர், அறியாதவர் என்று ஒருசேர அழைத்து விடுகிறோம். நல்லவர்க்கு மட்டும் என்று எந்தச் சங்கற்பத்திலும் இல்லை. சொல்லப்போனால், பாவம் செய்தவருக்கன்றோ அந்த நீர் அதிகம் வேண்டும்! நம் பக்கத்துத் திருவேற்காட்டில் தோன்றிய மூர்க்க நாயனார் சூதாடிப் பொருள் ஈட்டியவர். பொய்யாடியவரைக் கத்தியால் குத்தியவர். அடியார்க்கு அமுது படைத்த அவரை அறுபத்துமூவருள் வைத்துத்தானே கும்பிடுகிறோம்? இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. ஆனால் சூதாட்டத்தைச் சேக்கிழார் பெருமான் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லி முடிக்கையில் அவர் வீட்டு வாசல் வந்துவிட்டது. "நீர் விட்டாயிற்று. பேரனிடம் எப்படிச் சொல்வது?" என்றார். கயத்தாற்றையும் சொல்லுங்கள், தீட்சிதரையும் சொல்லுங்கள் என்றோம்.

அடுத்த பிரதோஷத்தன்று அந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாப் பெயர்களும் மையில் இருந்தன. எட்டயபுரம் மட்டும் பென்சிலில். "இதையும் பேனாவில் எழுதலாமே?" என்று கேட்டோம்.

"அவன் எழுதிவிடுவான் சுவாமி. என் கைதான் கொஞ்சம் நடுங்கிற்று" என்றார்.