தப்பு யாருடையது?

1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆப்பிரிக்க அடிமைகள் முரசு முழக்கிக் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே அம்முரசைச் சட்டம் தடுத்தது. முரசு பறிபோனவர்கள் கைதட்டியும் தரையை மிதித்தும் தம் தாளத்தைக் காத்தார்கள். உலகை ஆட்கொண்ட ப்ளூசும் ஜாசும் அந்த மரபில் பிறந்தவையே. நம் ஆசிரியர் அறைகளில் கறுப்பினப் பாடகர் பால் ரோப்சனைப் போற்றாதார் யார்?

ஆனால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நாம் செய்வதென்ன? விடியுமுன் நம் பாட்டன்மாரைப் பிரட்டுக்களத்திற்கு விரட்டத் துரைமார் முழக்குவித்தது தப்பு; காமன் கூத்தில் அவர்கள் ஆடிக் களித்ததும் அதே தப்புக்குத்தான். அவர்களுடைய பாடல்களை சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தேடித் தொகுத்தார். நாமோ பாடசாலைக் கலைவிழாவில் தப்பை வாயிலிலேயே நிறுத்திவிட்டு, விருந்தினரை வரவேற்க நாதசுரம் தேடி ஓடுகிறோம். சாதியென்று சொல்லக் கூசி, 'இரைச்சல்' என்கிறோம்! கரோலினா முதலாளிக்கு முரசின்மேல் அச்சமாவது இருந்தது. நமக்கு என்ன இருக்கிறது?