கீழ கெடக்கத அது தின்னுக்கிடும்

கோவில்பட்டியில் வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கிற எங்கள் ஏழெட்டுப் பேருக்குள் ஒரு பேச்சு பல வருஷமாகப் புழங்கியது. “கீழ கெடக்கத அது தின்னுக்கிடும்.” யாரோ சொல்லிக் கேட்டதா, வசதிக்காக நாங்களே கட்டிக்கொண்டதா என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. ‘அது’ என்றால் சக்கர் மீன். கப்பி, மோலி, டைகர் பார்ப் எல்லாம் வாங்கிப் பையைக் கட்டுகிற நேரத்தில், சில்லறைக்குப் பதிலாகத் தீப்பெட்டி வாங்கிக்கொள்வதுபோல, “ஒரு சக்கரும் போடுங்கண்ணே” என்போம். தொட்டியைச் சுத்தம் பண்ணுமாம்.

கிளீனர் என்று பேர் வைத்ததோடு அதற்குச் சோறு போடுகிற கடமை எங்களுக்குத் தீர்ந்துபோனது. வேலைக்கு வருகிற ஆளுக்கு மத்தியானம் ஒரு வாய் சாப்பாடு உண்டா என்று விசாரிக்கிற வீடுகள்தான் எங்களுடையவை. இந்த மீனை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

காலையில் கிளம்புகிற அவசரத்தில் மூடியைத் தூக்கி ஒரு சிட்டிகை மிதக்கும் தீனி போடுவோம். மேல்தட்டு மீன்கள் பாய்ந்து விழும், அரை நிமிஷத்தில் தண்ணீருக்கு மேல் ஒன்றும் மிச்சமிருக்காது. அந்தத் துள்ளலைப் பார்க்கத்தானே தொட்டியே வாங்கினோம். அடியில் கிடக்கிற இன்னொரு வகையான கோரிடோரஸ் கண்ணை நம்பி இரை தேடுகிற மீன் இல்லை. மீசையால் தரையைத் தடவித் தடவி, வாசம் பிடித்து வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிடும். சக்கரோ விளக்கை அணைத்த பிறகுதான் நிம்மதியாக நடமாடும். நாங்கள் விளக்கை அணைக்கும்போது தீனி டப்பா அலமாரிக்குப் போய்ப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

பாசி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்போம். இரண்டடித் தொட்டியின் கண்ணாடியில் படிகிற பாசி ஒரு சின்னச் சக்கருக்கு நாலைந்து நாள் தாங்கினால் பெரிது. மற்ற மீன்களின் கழிவை அது தின்னும் என்பதும் நாங்கள் நம்பிய கதை. அது கழிவைத் தின்பதில்லை. தொட்டியில் அதிகமாகக் கழிவு போடுகிறதே அதுதான்.

என் தொட்டியில் மூன்று கோரிடோரஸ் இருந்தன. கூட்டமாக வாழ்கிற மீன், ஆறேழாவது சேர்ந்து இருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. ஒருநாள் ஒன்று செத்துக் கிடந்தது. வலையில் அள்ளி உள்ளங்கையில் போட்டுப் பார்த்தேன். வயிறு இருக்க வேண்டிய இடம் கரண்டிக்குழி மாதிரி உள்வாங்கியிருந்தது. மீசை மழுங்கிக் கட்டையாகிக் கிடந்தது. பார்வைக்கு அழகு என்று நான் கொட்டிய வண்ணக் கற்கள், கூர் விளிம்போடு, கீழே பளபளத்துக்கொண்டிருந்தன. வயதாகிவிட்டது போல என்று வீட்டில் சொன்னேன். வாங்கி எட்டு மாசம்கூட ஆகவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், நாங்கள் ஒன்றும் தெரியாத ஊர்க்காரர்கள் இல்லை. கண்மாய் பார்த்து வளர்ந்தவர்கள். அயிரை வாங்கி வந்த அன்று வீட்டில் என்ன நடக்கும்? உயிரோடு சட்டியில் விட்டு மண்ணைக் கக்க வைத்து, கல்லுப்புப் போட்டு உரசி அலசின பிறகுதான் குழம்புக்குப் போகும். ஏன் கக்க வைக்கிறார்கள்? அது தரையோடு தரையாக மண்ணை வாயில் அள்ளிச் சலித்து இரை எடுக்கிற மீன் என்பதால். கெளுத்தியின் மீசை எதற்கு என்று எங்களுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். சோ. தர்மனின் ‘சூல்’ 2019-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியபோது, எங்கள் கரிசல் கண்மாயின் கதை என்று ஊரே பெருமைப்பட்டது. நானும்தான். மறுநாள் காலையில் தொட்டி மூடியைத் திறந்து வழக்கம்போல ஒரு சிட்டிகை மேலே தூவிவிட்டுக் கிளம்பினேன்.

தெரிந்ததைக் கண்ணாடிக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வேறு கணக்கு வைத்திருந்தோம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டினியில் சாகாத சக்கர் வளரும். இரண்டு அங்குலத்தில் வாங்கியது ஓரடியைத் தாண்டும். எங்களில் சிலர் அதைப் பொழுது சாய்கிற நேரத்தில் வாளியில் தூக்கிப்போய்க் கண்மாயில் விட்டோம். உயிரைக் கொல்லவில்லை, புண்ணியம் என்று நினைப்பு. தென்னமெரிக்க ஆறுகளில் பிறந்த மீன் அது. கரையில் பொந்து தோண்டி முட்டையிடும், காற்றை விழுங்கிச் சமாளிக்கும். கொல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலத்திலும் கேரளக் கால்வாய்களிலும் இப்படி விடப்பட்டும் தப்பியும்தான் பெருகியிருக்கிறது. அயிரையும் கெளுத்தியும் இருக்கிற அடித்தரைக்குப் பங்காளியை அனுப்பி வைத்தவர்கள் நாங்கள். இதற்குக் கடைக்காரரையும் அதிகாரியையும் கைகாட்ட எனக்கு வாய் வரவில்லை. வாளியைப் பிடித்த கை எங்களுடையது.

இப்போது கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். வண்ணக் கற்களை அள்ளிவிட்டுச் சலித்துக் கழுவிய மெல்லிய மணல். (கரிசல் மண்ணையே போட்டுப் பார்த்த அறிவாளியும் எங்களில் உண்டு. மூன்று நாள் தொட்டி கடுங்காப்பியாக நின்றது.) மேல் மீன்களுக்கு முதலில் ஒரு மூலையில் போட்டுப் பசியாற்றிவிட்டு, விளக்கை அணைத்துக் கால் மணி கழித்து, மூழ்குகிற வில்லையை எதிர் மூலையில் இறக்குகிறோம். பார்ப் அங்கேயும் மோப்பம் பிடித்து வரும் என்பதால் ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாயைத் தரைவரை நிறுத்தி அதன் வழியாக விடுகிறோம். வில்லை போய் விழுவது உடைந்த மண்சட்டி ஓட்டுக்கு அடியில். சக்கருக்கு லேசாக வேகவைத்த வெள்ளரித் துண்டோ சுரைக்காயோ, எவர்சில்வர் கரண்டியில் குத்தி முழுக வைத்து. மிச்சத்தைக் காலையில் கண்டிப்பாக எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கெட்டுப்போகும். குழாய்த் தண்ணீர் தினம் வருகிற ஊரா என்ன, நினைத்தபோது மாற்ற?

முதல் நாள் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்து உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டுக்கு வெளியே ஒரு மீசை. பிறகு இன்னொன்று. வில்லையை அவை தொட்டபோது நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. முகத்தை மணலில் கண்வரை புதைத்துத் தின்றன. செவுள் வழியே மணல் புகைமாதிரி வெளியே வந்தது.

எங்கள் வாட்ஸாப் குழுவில் ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஒருவர் “கீழே போட்டாச்சா?” என்று கேட்க வேண்டும், மற்றவர்கள் பதில் போட வேண்டும் என்று ஏற்பாடு. நேற்று பதில் போடாதது நான். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்தால், நறுக்கி வைத்த வெள்ளரித் துண்டு கிண்ணத்தில் அப்படியே இருந்தது.